ரத்தக்கட்டு

சுண்டெலியைக் கொல்ல நான் பயன்படுத்துவது ஒரு பேனா. வாலைப் பிடித்துக் கூண்டின் கம்பி மூடிமேல் விட்டால், எலி முன்கால்களால் கம்பியைப் பற்றிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் பிடரியில் பேனாவைக் குறுக்காக வைத்து அழுத்தி, வாலை வெடுக்கென்று பின்னால் இழுக்க வேண்டும். விரலுக்கடியில் ஒன்று சொடக்கென்று விடுபடும். தயங்கினால் எலி துடித்துச் சாகும். முதல் தடவை நான் தயங்கினேன். அது என் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டே செத்தது. அதற்குப் பிறகு தயங்கியதில்லை.

புற்றுநோய் உயிரியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். ஊரில் இதற்கு எலிப் படிப்பு என்று பெயர். காலையில் திண்டிவனத்தில் புதுச்சேரி பேருந்தைப் பிடித்து, கிளியனூர் தாண்டிப் போய், பெண் எலிகளின் மார்பில் புற்றணுக்களை ஊசியால் ஏற்றுகிறேன். அங்கே வளரும் கட்டியைக் கேலிப்பரின் இரண்டு முனைகளுக்கு நடுவே பிடித்து அளக்கிறேன். சில எலிகளுக்கு மருந்து, சில எலிகளுக்கு வெறும் உப்புநீர். கடைசியில் எல்லாவற்றுக்கும் பேனா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா புழக்கடையிலேயே நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றாமல் உள்ளே விடமாட்டாள். "எலி நாத்தத்தோட அடுப்பாண்ட வராத" என்பாள்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. கட்டி குறித்த அளவைத் தாண்டிவிட்டால் அந்த எலியை அன்றைக்கே கொன்றுவிட வேண்டும். இன்னும் ஒரு வாரம் அது உயிரோடிருந்தால் என் ஆய்வுக்கு நல்லது என்றாலும் விட முடியாது. அதற்குமேல் அது வலி படக் கூடாது. எலியை முரட்டுத்தனமாகப் பிடித்தால் விசாரணை. கீழே போட்டால் எழுதிக் கொடுக்க வேண்டும். "அதுக்கு வாய் இல்லை, நாமதான் பார்க்கணும்" என்பார் எங்கள் நெறியாளர் அம்மா. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். வாய் இருந்த என் அக்காவை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு விசாரணையும் நடக்கவில்லை.

அக்காவை விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அவன் என்றே வருகிறது, இருக்கட்டும். குடித்தால்தான் அடிப்பான் என்று அவனைப் பற்றிச் சொல்ல முடியாது. டிராக்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் அடிப்பான், கிரிக்கெட்டில் தோற்றாலும் அடிப்பான். ஒருமுறை எங்கள் அண்ணன் போய்ச் சட்டையைப் பிடித்துவிட்டான். பெரியவர்கள் நடுவில் புகுந்து, அக்கா வீட்டுக்காரனைத் திருவக்கரை அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனார்கள். அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தான். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. கொப்புளம் ஆறுகிறவரை அடிக்கவில்லை. ஆறியதும் அதே கையால் அடித்தான். இதை அக்காதான் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

அடி அதிகமாகிவிட்டால் எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. அம்மா கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொடுப்பாள். நான் ஒத்தடம் கொடுப்பேன். பிறகு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாகப் பற்றுப் போடுவோம். கன்றிப்போன இடம் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகி, ரத்தக்கட்டு கரைந்துவிடும். கரைந்ததும் அண்ணன் பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவான். ஏதோ காய்ச்சலுக்கு வந்து போகிறவள் போல.

போன மல்லாட்டை அறுவடைக்கும் அப்படித்தான் வந்தாள். களத்தில் பிடுங்கிப் போட்ட வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது, வீடெல்லாம் மண்வாசனை. ரவிக்கையைக் கழற்றிக் குப்புறப் படுத்தவளின் முதுகைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். மோட்டார் பெல்ட்டால் அடித்திருந்தான். பெல்ட்டின் பல்கூட வரிசையாகப் பதிந்திருந்தது. உப்பு மூட்டையை வைக்க வைக்க அவள் இழுத்து மூச்சு விட்டாள். விலாப்பக்கம் வைப்பதற்காக ஒருக்களித்துப் படுத்து, இடது கையைத் தலைக்குமேல் தூக்கினாள். என் கை வழுக்கி மார்பின் ஓரத்தில் பட்டது.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. ரத்தக்கட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்காவின் உடம்பில் தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொண்டது. அமுக்கினால் கத்துவாள், ஓரம் மெத்தென்று இருக்கும், தோல் நீலம் பாரித்திருக்கும். இது கல். தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. மேல்தோல் ஓரிடத்தில் உள்ளே இழுத்துக் குழிந்திருந்தது. கேலிப்பர் கையில் இல்லாமலே என் விரல்கள் அதை அளந்தன. எலியாக இருந்தால் இன்றைக்கே என்று மனம் ஓடியது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இது எப்போலேர்ந்துக்கா?"

"எது, அதுவா? போன ஆடியில எட்டி ஒதைச்சாரு பாரு, மூட்டை மேல போயி உழுந்தேனே. அப்போ ரத்தம் கட்டிக்கிச்சி. பத்து போட்டுக்கினுதான் கீறேன். கரைவேனான்னுது."

"வலிக்குதா?"

"அது எங்க வலிக்குது? வலிக்கிற எடத்த வுட்டுட்டு அதையே அமுக்கிக்கினு கீற. முதுகுல வையி பாப்பா ஜல்தியா, உப்பு ஆறிப்பூடும்."

வைத்தேன். மூட்டை அவிழ்ந்து உப்பு கொட்டிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவு பயம் அதற்கு முன் எதற்கும் பட்டதில்லை.

விழுப்புரத்து மருத்துவமனைக்கு நானே அழைத்துப்போனேன். தடித்த ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள். அக்கா ஒரு சத்தம் போடவில்லை. ஊசி போட்ட டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். முதுகைப் பார்த்ததும் ஆச்சரியம் போய்விட்டது. முடிவு வந்தபோது நான் நினைத்ததுதான். அக்குளுக்கும் போயிருந்தது. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுவை என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை வந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். "தள்ளிப் போட்டுடாதம்மா. நீ இதையே படிக்கிறவ, உனக்கே தெரியும்" என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

மறுநாள் ஆய்வகத்தில் அளவு தாண்டிய எலிகள் இருந்தன. ஒன்றை எடுத்து மூடிமேல் விட்டேன். பேனா வழுக்கி முதுகில் இறங்கியது. எலி கீச்சென்று கத்திச் சுருண்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடி தவறியது. மூன்றாம் முறை விரலாலேயே நசுக்கினேன். மூக்கிலிருந்து ரத்தம் வந்து கையுறையில் வழிந்தது. எதிரில் நின்ற நெறியாளர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் வராதே என்று திட்டி அனுப்பினார். அவர் திட்டியது நியாயம்தான். எலிக்கு வாய் இல்லை.

வீட்டில் சொன்னதும் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் அழவில்லை. "அவன் ஒதைச்ச எடத்துலியா?" என்று மட்டும் கேட்டான்.

"அந்தப் பக்கம்தான். ஆனா அண்ணா, ஒதைச்சதாலன்னு..."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு களத்துக்குப் போய்விட்டான். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: வீட்டுக்காரன் உதைத்து உதைத்துப் பெண்ணுக்குக் கேன்சர் வந்துவிட்டது. பால் வாங்கப் போன இடத்தில் என்னிடமே ஒருத்தி அதை விளக்கிச் சொன்னாள்.

சனிக்கிழமை அவன் வந்தான், கூட அவனுடைய சித்தப்பா. வாசலில் நின்றபடியே சத்தம் போட்டான். "யார கேட்டு ஊசி குத்தினீங்க? ஊசி குத்தினா பரவிக்கும்னு தெரியாது? எங்க ஊராண்ட வேரு அரைச்சி மருந்து குடுக்கிற ஆளு கீறாரு. என் பொண்டாட்டிய நான் பாத்துக்கறேன். கெளம்புடி."

உள்ளே அக்கா எழுந்து நின்று, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். அந்தக் குரலுக்கு எழுந்து பழகிய உடம்பு. "எங்கக்கா போற? நாளன்னைக்கு திங்கக்கிழமை" என்று கையைப் பிடித்தேன். "கத்துறாரே பாப்பா" என்றாள்.

அப்போதுதான் வெளியில் அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த கட்டையை முறிக்கிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். அண்ணன் கையில் மண்வெட்டிக் காம்பு. அக்கா வீட்டுக்காரனின் முழங்கைக்குக் கீழே கை இருக்கக் கூடாத பக்கம் திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது அடி வாயில் விழுந்தது. வாசலில் கொட்டியிருந்த மல்லாட்டைக் குவியல்மேல் மல்லாந்து விழுந்தான், காய்கள் சரசரவென்று சரிந்தன. அண்ணன் அவன் நெஞ்சில் முட்டிபோட்டு ஏறி, காம்பைத் தொண்டைக்குக் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினான். அவன் கால்கள் மல்லாட்டையை உதைத்து உதைத்து வாரின. முகம் கறுத்தது. உடைந்த பல்லும் ரத்தமும் கன்னத்தில் வழிந்தன.

நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். அண்ணன் தப்பான பக்கம் அழுத்துகிறான் என்று தோன்றியது. முன்பக்கம் மெதுவான வழி. பிடரியில் வைக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்கலாம் என்றும் தோன்றியது. அவன் சாக வேண்டும் என்று முழு மனதோடு விரும்பினேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. சித்தப்பாவும் அக்கம்பக்கத்து ஆட்களும் சேர்ந்து அண்ணனைப் பிய்த்து எடுத்தார்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும்.

போலீஸ் வேண்டாம் என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன. அவனுக்கும் போலீஸ் பயம், எங்களுக்கும் பயம். அன்றைக்கே ரேஷன் கடை வாசலில் கூடினார்கள். கடை திறக்கக் காத்திருந்த பெண்கள் பைகளோடு சுவரோரம் நின்றார்கள். அவன் ஒடிந்த கையைத் துண்டில் தொங்கப் போட்டுக்கொண்டு, வாயில் ஈரத்துணியை அமுக்கியபடி உட்கார்ந்திருந்தான். அக்கா கடையின் ஷட்டரில் சாய்ந்து குந்தியிருந்தாள். ஊரில் தீர்ப்புச் சொல்கிற பெரியவர் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அடிச்சதுலதான் இந்த நோவு வந்துச்சின்னா, அவ உயிருக்கே இவன் வெனை வச்சிட்டான்னு அர்த்தம். உறவ அறுத்து வுட்டுடலாம், பொண்ணு இங்கியே இருந்து வைத்தியம் பாக்கட்டும். நோவு தன்னால வந்துதுன்னா அவன் பொண்டாட்டிய அவன் இட்டுக்கினு போவட்டும். நாம யாரு தடுக்கறதுக்கு?" பிறகு என்னைப் பார்த்தார். "கேன்சர் படிக்கிற பொண்ணு நீதானே. அடிச்சா வருமா, வராதா? ஒரே பேச்சா சொல்லும்மா."

அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். வரும் என்று சொல்ல வேண்டியது, அவ்வளவுதான் வேலை. சொன்னால் அக்கா பிழைத்தாள், திங்கட்கிழமை விழுப்புரம் போகலாம். கொஞ்சம் சுற்றி வளைத்தால் அதற்கு வழியும் இருந்தது. ஆறாத புண், அடங்காத அழற்சி, அங்கே அணுக்கள் பெருகுவது என்று நான் எடுத்து விட்டால், ரேஷன் கடை வாசலில் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்க ஆளில்லை. ஆனால் ஒரு உதையில் மார்பகப் புற்று வராது. இந்த அளவு வளர்ந்த கட்டி அந்த ஆடிக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

சுவரோரம் நின்ற பெண்களைப் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேர் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? கட்டி என்றால் அடியால் வருவது, கரைந்துவிடும் என்ற அந்த நினைப்புதான் அக்காவை இத்தனை மாதம் சும்மா உட்கார வைத்தது. அதையே நான் என் வாயால் ஊருக்குச் சொல்ல வேண்டுமா?

"வராதுங்க" என்றேன். "அடிச்சா கேன்சர் வராது."

அவன் துணியை வாயிலிருந்து எடுத்தான். பல் இல்லாத ஈறு தெரியச் சிரித்தான். "கேட்டுக்கினீங்களா? படிச்சவ வாயாலியே வந்துடுச்சி. சும்மா கீறவன் கைய ஒடைச்சிட்டானுங்க. எழுந்திருடி, போலாம்."

"நான் இன்னும் முடிக்கலங்க" என்று திரும்பினேன். அண்ணனின் கை என் முகத்தில் இறங்கியது. முதலில் பளாரென்று ஒரு அறை, அடுத்து மூடிய கையால் தாடையில் ஒரு குத்து. "கூடப் பொறந்தவள பலி குடுக்கறியாடி நாயே! உன்ன படிக்க வச்சதுக்கு இதாடி?" காது ஙொய்யென்றது. கீழே விழுந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாய் முழுக்க ரத்தம். அவனைப் பிடித்து இழுத்தவர்கள்கூட, அண்ணன்காரன் அடிக்கிறான் என்பதால் மெதுவாகத்தான் இழுத்தார்கள். அக்காவை அடித்தவன் கையை அன்று காலையில் உடைத்த அதே அண்ணன்.

அக்கா ஷட்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அண்ணனைத் தாண்டி வந்தாள், குனிந்து என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு அவள் வீட்டுக்காரனுக்கு எதிரில் போய் நின்றாள். அவள் கூட்டத்தில் பேசி நான் கேட்டதே இல்லை.

"அவ சொல்றது நெஜம்தான். இது நீ குடுத்தது இல்ல" என்றாள். அவன் மும்முரமாகத் தலையாட்டினான்.

"என் ஒடம்புல எவ்ளோ கட்டி வந்துச்சி, போச்சி. தோள்ல, இடுப்புல, மண்டையில. எல்லாம் நீ குடுத்தது. ஒவ்வொண்ணுக்கும் பத்து போட்டுக் கரைச்சிக்கினேன். இதுவும் அதுல ஒண்ணுன்னு இருந்துட்டேன். நீ குடுக்காத கட்டி ஒண்ணு என் ஒடம்புல வரும்னு எனக்கு எப்பிடிய்யா தெரியும்?"

அவன் சித்தப்பா தரையைப் பார்த்தார். சுவரோரம் ஒரு பெண் பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பெரியவர்தான் தொண்டையைச் செருமி, "சரிம்மா, திருவக்கரைக்கு இட்டுக்கினு போயி இன்னொரு தரம் சத்தியம் வாங்கிக்கலாம்" என்று ஆரம்பித்தார்.

"அவரு கை ஏற்கெனவே பொசுங்குன கைதாங்க. கற்பூரத்துக்கு அது அடங்காது" என்றாள் அக்கா. "திங்கக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு போவணும். நான் இவர்கூட போவல. ஊரு சொன்னாலும் போவல, எங்க அண்ணன் சொன்னாலும் போவல."

அதற்குப் பிறகு தீர்ப்பு என்று ஒன்றும் சொல்லப்படவில்லை. அவன் எழுந்து ஒரு அடி எடுத்து வைத்தான். சித்தப்பாவே அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, கை வீங்கிக்கொண்டே போகிறது, முதலில் எக்ஸ்ரே எடுப்போம் என்று வண்டியில் ஏற்றினார். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவன் கெட்ட வார்த்தை காதில் விழுந்துகொண்டிருந்தது. ரேஷன் கடைக்காரர் வந்து ஷட்டரைத் தூக்கினார். நான் குழாயில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது, பையை அணைத்திருந்த அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "பாப்பா, வலிக்காத கட்டின்னா காட்டணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். காட்டணும் என்று சொல்ல வாய் திறந்தேன், ரத்தம்தான் வந்தது. தலையை ஆட்டினேன்.

திங்கட்கிழமை விழுப்புரத்தில் அக்காவுக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ரோஸ்மில்க் நிறத்தில் சொட்டுச் சொட்டாக வலது கையில் இறங்கியது. ஆய்வகத்தில் அதே மருந்தை எலிகளுக்கு ஏற்றியிருக்கிறேன், அவை சுருண்டு படுப்பதையும் முடி கொட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்களை அழைத்து வந்த அண்ணன் வார்டுக்குள் வராமல், கையில் இளநீரோடு கதவுக்கு வெளியே நின்றான். என் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. எனக்கும் அவனைக் கூப்பிட மனம் வரவில்லை. என் தாடை வீங்கி, கறுத்து, ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

அக்கா ஊசி குத்தாத இடது கையை நீட்டி, தாடையில் விரலை வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"ஐயோ, வலிக்குதுக்கா. கைய எடு."

எடுக்கவில்லை. எப்படித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது போலவே, விரல் நுனியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தாள். கதவுக்கு வெளியே நின்றவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"நகருது" என்றாள். "பயப்படாத. இது அண்ணன் குடுத்ததுதான்."